திறப்பு விழா இல்லாத செலவு

“ரயில் தண்டவாளத்தை விட்டு இறங்கி வந்து யாரையும் இடிப்பதில்லை.” தண்டவாளத்தை வீதி வெட்டும் கடவையில் விபத்து என்று பத்திரிகையில் செய்தி வரும்போதெல்லாம் பெரியமாமா சொல்லும் வசனம் இது. சொல்லி முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பத்திரிகையின்மேல் வைத்துவிடுவார். வழக்கு முடிந்தது, இனி மேன்முறையீடு இல்லை என்று அர்த்தம். அரச திணைக்களம் ஒன்றில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பேனை வாங்கினாலும் பற்றுச்சீட்டுக் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அவருடைய கணக்கில், கடவையில் மோதுண்டவர் தன் அவசரத்துக்கு விலை கொடுத்தவர். அவருக்காக இரங்கலாம். ஆனால் அவரைப் போன்ற இன்னொருவரைக் காப்பாற்றுவதற்காக நாட்டிலுள்ள கடவைகளுக்கெல்லாம் வரிப்பணத்தில் மணியும் விளக்கும் தடுப்பும் போடுங்கள் என்று கேட்பதில் நியாயமில்லை. அந்தக் காசில் சிறுவர் வைத்தியசாலைக்கு எவ்வளவு மருந்து வாங்கலாம் தெரியுமா என்பார். எனக்கு உடனே பதில் வராது. வராததாலேயே அந்த வசனம் எனக்குச் செரிக்கவும் இல்லை.

அவர் சொல்வதில் முக்கால்வாசி சரி என்பதுதான் சிக்கல். கடவையில் ரயிலுக்கே முன்னுரிமை என்பது எங்கள் சட்டம் மட்டுமல்ல, ரயில் ஓடும் நாடுகள் எல்லாவற்றினதும் சட்டம். அதற்குக் காரணம் மரியாதை அல்ல, பௌதிகம். வேகமாக வரும் ரயிலின் சாரதி கடவையில் ஒரு வாகனத்தைக் கண்டு அவசரத் தடையை இழுத்தாலும், வண்டி முழுதாக நிற்பதற்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஓடிவிடும். திருப்பவும் முடியாது. ஹோன் அடிக்கலாம், அவ்வளவுதான். 2005 ஏப்ரல் 27 அன்று பொல்கஹவெலவுக்கு அருகே யாங்கல்மோதரக் கடவையில், ரயிலை முந்திவிடலாம் என்று நுழைந்த பஸ் நொறுங்கி 35 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரியமாமாவின் முதல் சாட்சி எப்போதும் அந்தப் பஸ்தான். அந்தப் பஸ்ஸில் இறந்தவர்களில் எத்தனை பேரின் கையில் ஸ்டியரிங் இருந்தது என்று நான் கேட்பேன். அப்படியென்றால் சாரதிகளைப் பிடித்து உள்ளே போடு, கேட் எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்பார். வருடக்கணக்கில் இந்த இடத்தில்தான் நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில். இங்கே ஒழுங்கைகள் எல்லாம் கடலை நோக்கித்தான் இறங்குகின்றன. காலி வீதியிலிருந்து நடந்தால் மரைன் டிரைவ், அதைத் தாண்டினால் தண்டவாளம், அதற்கப்பால் பாறையும் கடலும். மாலையில் காற்று வாங்கப் போகிறவர்களுக்குத் தண்டவாளம் ஒரு தடையே அல்ல. வீட்டு முற்றத்தைக் கடப்பதைப் போலத்தான் கடக்கிறார்கள். பாட்டி பேரனின் கையைப் பிடித்தபடி, காதலர்கள் குடையைப் பிடித்தபடி, ரியூஷன் முடிந்த பிள்ளைகள் கைபேசியைப் பார்த்தபடி. பாதை இரட்டை என்பதுதான் இதில் ஆபத்து. கோட்டை நோக்கி ஒரு ரயில் இரைந்துகொண்டு போகிறது. கடைசிப் பெட்டி கடந்ததும் எல்லாரும் ஒன்றாகக் காலடி எடுத்து வைக்கிறார்கள். தெஹிவளைக்குப் போகும் மற்ற ரயிலின் சத்தம் முதல் ரயிலின் சத்தத்துக்குள் மறைந்திருக்கிறது. யாரோ ஒருவர் “அம்மா, நில்லுங்கள்!” என்று கத்துகிறார். அநேகமாக ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் கத்திவிடுகிறார். எங்கள் பகுதியின் கடவைப் பாதுகாப்பு ஏற்பாடு பெரும்பாலும் அந்த யாரோ ஒருவர்தான். அவருக்கு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் ஒதுக்கீடு கிடையாது.

கண் போடும் தவறான கணக்கு

அவசரக்காரன் என்று ஒரு சொல்லில் முடித்துவிடும் விடயத்தை ஒரு உளவியலாளர் அளந்து பார்க்க முயன்றிருக்கிறார். 1985 இல் ஹெர்ஷல் லீபோவிட்ஸ் என்ற அமெரிக்கர் கடவை விபத்துகளைப் பற்றி எழுதிய கட்டுரை அந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. பெரிய பொருள், அதே வேகத்தில் வரும் சிறிய பொருளைவிட மெதுவாக நகர்வதாக எங்கள் கண்ணுக்குத் தோன்றும் என்பது அவர் வாதம். நேராக எங்களை நோக்கி வரும் ரயிலுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. அது பக்கவாட்டில் நகர்வதில்லை. தூரத்தில் ஒரு புள்ளியாக நின்று மெல்ல மெல்லப் பருப்பதாகத்தான் தெரியும், அருகில் வந்த பிறகே ஒரேயடியாகப் பெருக்கும். ஆகவே தண்டவாளத்தருகே நின்று “நேரம் இருக்கிறது” என்று முடிவெடுப்பவன் எல்லாருமே திமிர் பிடித்தவன் அல்ல. எல்லாருக்கும் வாய்த்த கண்தான் அவனுக்கும் வாய்த்திருக்கிறது.

வடக்குப் பாதையை நினைத்துப் பாருங்கள். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் எங்கே போயின என்பது இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும், சிலர் போர்க்காலப் பதுங்குகுழிகளில் அவற்றுக்குக் கீழே படுத்தும் இருந்திருப்பார்கள். 2014 ஒக்டோபரில் ரயில் திரும்பி வந்தபோது, இருபத்தைந்து வயது வரை தன் ஊரில் ரயிலையே காணாத ஒரு தலைமுறை அங்கே இருந்தது. பாதை கிடந்த இடம் அவர்களுக்கு மாடு கட்டும் இடம், சைக்கிள் ஓடும் ஒற்றையடிப் பாதை. அந்த இடத்தில் திடீரென்று, பழைய யாழ்தேவியைவிட வேகமான வண்டி. இந்தியக் கடனில் பாதை வந்தது, நிலையம் வந்தது, சமிக்ஞை வந்தது. ஊருக்குள் புகும் ஒவ்வொரு சிறு ஒழுங்கையிலும் நிற்க ஆள் அந்தக் கடனில் வரவில்லை. 2019 ஜூனில் கிளிநொச்சியில் ரயிலுடன் மோதியது இராணுவ வாகனம், இறந்தவர்கள் படையினர். கட்டளைக்கு வாகனம் ஓட்டப் பழகியவர்களுக்கே அப்படி என்றால், விறகு ஏற்றிய லாண்ட் மாஸ்டர் என்ற சிறிய உழவு இயந்திரக்காரனிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறோம்? இதைப் பெரியமாமாவிடம் சொன்னபோது, அது வேறு, இது வேறு என்றார். எது வேறு என்று சொல்லவில்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது

வாதத்தை அசைத்தது கட்டுரையோ நானோ அல்ல, ஒரு பழுதடைந்த மணி. பெரியமாமாவுக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை முடிந்து, வைத்தியரிடம் காட்டிவிட்டு முச்சக்கர வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை விட்டிருந்தது. கொழும்பின் விளிம்பில் ஒரு கடவை. இடத்தைச் சொல்லப் போவதில்லை, அந்த மாதிரிக் கடவை ஒன்றல்ல. தடுப்புக் கட்டை இல்லை. மணி அடிக்கிறது, இரண்டு சிவப்பு விளக்குகள் மாறி மாறி மினுங்குகின்றன. எங்களுக்கு முன்னால் நாலைந்து வாகனங்கள் நின்றன. ரயில் வரவில்லை. மணி நிற்கவும் இல்லை. முதலில் ஒரு மோட்டார் சைக்கிள் இடமும் வலமும் பார்த்துவிட்டுக் கடந்தது. பிறகு மீன் பெட்டி கட்டிய சைக்கிள். பிறகு பாடசாலை வான் ஒன்று, உள்ளே பிள்ளைகளோடு. எங்கள் சாரதி திரும்பிப் பெரியமாமாவைப் பார்த்தார், வயதில் பெரியவர் என்று. ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்த பெரியமாமா மற்றக் கண்ணால் தண்டவாளத்தை ஒரு தரம் நோட்டம் விட்டு, “மணி பழுது போலிருக்கிறது தம்பி, பார்த்துப் போ” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். அப்பால் போனதும் வண்டியை நிறுத்தச் சொன்னார். அங்கே, தகரம் போர்த்திய ஒரு சிறு கொட்டிலின் முன்னால், குடையும் இரண்டு கொடியுமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கால்சட்டை முழங்கால் வரை மடித்திருந்தது. பச்சைக் கொடி புதிது. சிவப்புக் கொடி வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது, ஓரத்தை வேறு நிற நூலால் யாரோ தைத்திருந்தார்கள். பெரியமாமா அவரைத் திட்டத்தான் இறங்கினார். அவிசாவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவராம். எங்கள் தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்து கொட்டிலுக்குள் இருந்த ஒரே கதிரையை வெளியே எடுத்துப் போட்டுவிட்டார். பிறகு எப்படித் திட்டுவது?

மழை பெய்தால் மணி இப்படித்தான் என்றார். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாகிவிட்டது, வருவார்கள். அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் கிட்டத்தட்ட அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன்: “மணி அடித்தால் ரயில் வருகிறது என்று இங்கே யாரும் நினைப்பதில்லை ஐயா. நான் சிவப்புக் கொடியைத் தூக்கினால்தான் நினைப்பார்கள்.” ரயில் வருவது அவருக்கு எப்படித் தெரியும்? முந்திய கடவையில் நிற்பவர் கைபேசியில் அழைப்பார். இவர் அடுத்தவரை அழைப்பார். ரீலோட் அவரவர் காசு. சிறுநீர் கழிக்கப் போக வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத்துக் கடைக்காரப் பெண்ணின் மகன் வந்து கொடியைப் பிடிப்பான். கெட்டிக்காரப் பையன், பத்தாம் வகுப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே கைபேசி அடித்தது. அவர் எடுத்துக் கதைக்கவில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டுக் கொடியோடு வீதியின் நடுவுக்குப் போனார். வாகனங்கள் நின்றன. சற்றுப் பொறுத்து ரயில் போனது. மணி முன்பும் பின்பும் ஒரே சுருதியில் அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு இதைப் பற்றித் தேடி வாசித்தேன். வேடிக்கை என்னவென்றால், அந்த மணி ஒரு வகையில் சரியாகத்தான் வேலை செய்தது. இப்படியான கடவைகள் பலவற்றில் தண்டவாளத்தினூடாகச் சிறிய மின்னோட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ரயிலின் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்ததும் அது குறுக்கே பாய்ந்துவிடும். எதிர்முனையில் இருக்கும் ரிலே என்ற மின்காந்தச் சுவிட்ச் விழும், மணி அடிக்கும். கம்பி அறுந்தாலும் ரிலே விழும். பாதையின் சல்லியில் சேறும் தண்ணீரும் தேங்கி மின்னோட்டம் கசிந்தாலும் விழும். சந்தேகம் வந்தால் ஆபத்து என்று அறிவி என்பதுதான் அதற்குக் கற்பிக்கப்பட்ட பாடம். பொறியியலாளருக்கு அது நல்ல பாடம். ஆனால் அந்த வீதியில் தினமும் போகிறவனுக்கு அது எதிர்ப் பாடத்தைக் கற்பிக்கிறது: மணியை நம்பாதே. சல்லியைக் கழுவி, வடிகானைத் துப்புரவாக்கி, கம்பியை மாற்றிக்கொண்டே இருக்க ஆள் இல்லாத இடத்தில், ஒரு மணியைப் பொருத்துவது மணியே இல்லாமல் இருப்பதைவிட மோசமான நிலைக்குக் கொண்டுபோய் விடலாம். பெரியமாமா “பார்த்துப் போ” என்றது அவசரத்தால் அல்ல. அந்த நேரத்தில் அதுதான் புத்திசாலித்தனமான முடிவாக இருந்தது. பாடசாலை வான் சாரதிக்கும் அப்படித்தான். வீடு வரும்வரை பெரியமாமா ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: அந்த மணியின் பராமரிப்புச் செலவு எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது?

மூலதனமும் மீண்டெழுவதும்

அரச கணக்கில் இரண்டு பெரிய பெட்டிகள்: மூலதனச் செலவினம், மீண்டெழும் செலவினம். பாலம் கட்டுவது முதலாவது. சம்பளம், எண்ணெய், திருத்தம், மின்குமிழ் இரண்டாவது. முதலாவதற்குக் கடன் கிடைக்கும், அடிக்கல் உண்டு, நாடா உண்டு, பலகையில் பெயர் உண்டு. இரண்டாவதற்கு ஒன்றும் கிடையாது. நெருக்கடி வந்தால் முதலில் வெட்டு விழுவதும், வெட்டியது பல வருடங்களுக்குத் தெரியாமல் இருப்பதும் பராமரிப்பில்தான்.

கொழும்பில் இதைக் கண்ணால் பார்க்கலாம். நுகேகொடையில் தண்டவாளத்துக்கு மேலே போகும் மேம்பாலம் 2009 இல் திறக்கப்பட்டது. கொம்பனித்தெருவில் ஜஸ்டிஸ் அக்பர் மாவத்தைப் பக்கமாகக் கரையோரப் பாதையைத் தாண்டும் மேம்பாலம் 2024 ஜூலையில் திறக்கப்பட்டது. இரண்டும் தேவை, மறுக்கவில்லை. அலுவலக நேரத்தில் அந்தக் கேட்டுகளில் நின்றவர்களுக்கு அருமை தெரியும். ஆனால் அவை கட்டப்பட்ட முதற்காரணம் நெரிசல். உயிர் காப்பது உபரியாகக் கிடைத்த நன்மை. ஹோட்டலும் கடைத்தொகுதியும் உள்ள இடத்தில் வாகனம் நின்றால் பொருளாதாரத்துக்கு நட்டம் என்று கணக்குப் போட்டுக் காட்ட முடிகிறது. ஆளில்லாத ஒழுங்கையில் ஒரு லாண்ட் மாஸ்டர் நொறுங்கினால் அந்தக் கணக்கு வெளியே வராது.

எண்ணிப் பார்த்து வரிசைப்படுத்தும் முறைகளிலும் இதே ஓட்டை உண்டு. இந்திய ரயில்வேயில் ஒரு நாளில் கடவையைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். அது ஒரு லட்சத்தைத் தாண்டினால் மேம்பாலச் செலவை ரயில்வேயும் மாநிலமும் பாதிப் பாதி ஏற்பது நெடுங்கால வழக்கம். நாளுக்குச் சில ரயில்களும் நூறு சைக்கிளும் போகும் கடவை அந்தப் பெருக்கலில் எந்தக் காலத்திலும் தேறாது. ஆனாலும் அவர்கள் வேறு வழியில் ஒரு பெரிய வேலையைச் செய்து முடித்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்: அகல ரயில் பாதையில் ஆளில்லாக் கடவை ஒன்றுகூட இல்லாமல் 2019 ஜனவரி இறுதிக்குள் ஆக்கிவிட்டார்கள். சிலதை மூடினார்கள், சிலதற்குச் சுரங்கப்பாதை போட்டார்கள், மிச்சத்துக்கு ஆள் போட்டார்கள்.

ஆள் போட்டால் போதுமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டின் கடலூர் பதில் சொன்னது. 2025 ஜூலை 8 அன்று செம்மங்குப்பத்தில் பாடசாலை வான்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அங்கே கேட் இருந்தது, காப்பாளர் இருந்தார். இல்லாதது, கேட் மூடினாலன்றிச் சமிக்ஞை பச்சையாகாதபடி இரண்டையும் பிணைக்கும் ஏற்பாடு. நிலைய அதிபரும் காப்பாளரும் தொலைபேசியில் சொல்வதை ஒருவரையொருவர் நம்புவதுதான் முழுப் பாதுகாப்பும். அதே நாள் தென்னக ரயில்வே ஒரு அறிக்கை விட்டது: அந்த இடத்தில் சுரங்கப்பாதைக்கு ரயில்வே முழுச் செலவையும் ஏற்று அனுமதித்தும், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி ஒரு வருடமாகக் கிடைக்கவில்லை என்று. பணம் இருந்தும் பாதை வரவில்லை. பெரியமாமாவிடம் இதைச் சொன்னால், பணம் இருந்தால் என்னவாகும் என்பதற்கு அவரிடம் இன்னொரு சாட்சி தயார். இந்திய ரயில்வேயின் பாதுகாப்புக்கென்று 2017-18 இல் ஒரு லட்சம் கோடி ரூபா நிதியம் தொடங்கினார்கள். அதிலிருந்து கால் பிடித்துவிடும் இயந்திரமும் பீங்கான் பாத்திரமும் வாங்கியதைப் பிறகு இந்தியக் கணக்காய்வாளர் கண்டுபிடித்து எழுதினார். “கால் பிடிக்கிற மெஷின்!” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கணக்காளர்களுக்கு இதைவிட நல்ல நகைச்சுவை கிடைக்காது.

யார் கொடுப்பது என்ற கேள்வியில் அமெரிக்கர்கள் கடந்து வந்த பாதை எனக்குப் பயன்பட்டது. மோட்டார் வாகனம் வருவதற்கு முன் கடவை ரயில் கம்பனியின் பொறுப்பு. 1935 இல் அவர்களின் உச்ச நீதிமன்றம், காலம் மாறிவிட்டது, பாலம் இப்போது வேகமாக ஓடும் கார்களுக்காகத்தான் தேவைப்படுகிறது, செலவில் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு ரயில் கம்பனியின் தலையில் கட்ட முடியாது என்ற வகையில் தீர்த்தது. 1973 நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தோடு கடவைகளுக்கென்றே தனி நிதி வந்தது. இப்போது அது வருடத்துக்கு 245 மில்லியன் டொலர். வீதிகளுக்கான நிதியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதில் பாதியாவது மணி, விளக்கு, தடுப்பு போன்ற காப்புக் கருவிகளுக்குப் போக வேண்டும். 2021 இல் கடவைகளையே இல்லாமலாக்க ஐந்து வருடத்துக்கு 3 பில்லியன் டொலர் ஒதுக்கினார்கள். ஒரு கடவையை மூடச் சம்மதிக்கும் உள்ளூராட்சிக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகையின் உச்சத்தை 7,500 டொலரிலிருந்து 100,000 ஆக உயர்த்தினார்கள். 1970களில் வருடத்துக்குத் தொள்ளாயிரம், ஆயிரம் என்று இருந்த கடவைச் சாவுகள் இப்போது 300க்குக் கீழே. பெரியமாமா குற்றம் சொல்லும் மனிதர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், அமெரிக்கனும் அவசரக்காரன்தான். மனிதன் மாறாமலே சாவு குறைந்தது.

அங்கேயும் இடைவெளியில்தான் பிள்ளைகள் விழுந்தார்கள். 1995 இல் இலினோய் மாநிலத்தின் ஃபொக்ஸ் ரிவர் குரோவில் ஒரு பாடசாலை பஸ், வீதியின் சிவப்பு விளக்குக்காக நின்றது. பின்பகுதி தண்டவாளத்தின்மேல் நீண்டிருந்தது. ஏழு மாணவர்கள் இறந்தார்கள். வீதி விளக்கு ஒருவருடையது, ரயில் மணி இன்னொருவருடையது. ரயில் வரும்போது பஸ்ஸுக்குப் பச்சை கொடுக்க வேண்டிய நேரக் கணக்கு இரண்டுக்கும் நடுவில் போதாமல் போய்விட்டது.

எங்கள் நாட்டில் அந்த நடுவெளி இன்னும் அகலம். ஏ, பி தரப் பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், சி, டி வீதிகள் மாகாணத்திடம், ஒழுங்கைகள் பிரதேச சபையிடம், தண்டவாளம் புகையிரதத் திணைக்களத்திடம். எல்லாம் ஒரே சட்டையின் வெவ்வேறு பைகள். பாதுகாப்பற்ற கடவைகளில் நிற்பதற்கு எடுக்கப்பட்ட இரண்டாயிரம் அளவான தற்காலிகக் காப்பாளர்களோ பொலிஸ் திணைக்களத்தின் கீழ். அவர்களுக்கு நாளொன்றுக்கு 250 ரூபாதான் கொடுப்பனவாகக் கிடைத்தது. மாதம் முழுக்க நின்றால் 7,500. பல வருடங்களாக இதே தொகைதான் இருந்தது. 2022 இல் பெற்றோல் லீட்டர் 470 ரூபாவைத் தொட்டது. ஒரு நாள் முழுவதும் வெயிலில் நின்று நூற்றுக்கணக்கானவர்களைக் காத்தவரின் கையில் வந்த காசுக்கு அரை லீட்டருக்குச் சற்று மேல்தான் கிடைத்திருக்கும். நிரந்தர நியமனமும் சம்பள உயர்வும் கேட்டு அவர்கள் திரும்பத் திரும்பப் போராடியதையும் பத்திரிகையின் உள்பக்கத்தில்தான் வாசித்தோம். கொழும்புக்குள் வேறு எந்த வேலைக்கு 250 ரூபாவுக்கு ஆள் கூப்பிட முடியும்? வந்து நிற்பவர் பின்னேரம் வேறு வேலைக்குப் போகத்தான் செய்வார். போனபோது ரயில் வந்தால் அவரையே குற்றவாளியாக்குவோம்.

என் கட்சி இதுதான். அடுத்த மேம்பாலத்துக்கு முன், நிற்கும் மனிதருக்கு மனிதச் சம்பளமும், அவருக்கு ரயில் நேரத்தைச் சொல்ல அரச செலவில் ஒரு தொலைபேசி இணைப்பும். இருக்கும் மணிகளைப் பார்க்க ஒரு பராமரிப்புக் குழு, அதற்கு வெட்ட முடியாத ஒரு வருடாந்த ஒதுக்கீடு. பற்றையை வெட்டுவதும், கடவையில் பார்வையை மறைக்கும் விளம்பரப் பலகையைக் கழற்றுவதும், வீதியில் ஒரு வேகத்தடை போடுவதும் பிரதேச சபைகள் இந்த மாதமே செய்யக்கூடியவை. அதற்கு வெளிநாட்டுக் கடன் வேண்டாம்.

பெரியமாமா இதில் பாதியை ஏற்கிறார். மறுபாதிக்கு அவர் சொல்லும் மறுப்பைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. மீண்டெழும் செலவு ஒருமுறை தொடங்கினால் நிற்காது என்கிறார். தேர்தலுக்கு முன் ஆள் எடுப்பார்கள், கடவைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக அல்ல, ஆளுக்கு வேலை வேண்டும் என்பதற்காக. பிறகு ஓய்வூதியம். முப்பது வருடம் அந்தக் கோப்புகளைப் பார்த்தவர், அவருக்குத் தெரியும். தானியங்கித் தடுப்பு போட்டால் ஓய்வூதியம் கேட்காது என்பார். மழையில் நனைந்தால் அதுவும் படுத்துவிடும், மாமா, அப்போது பத்தாம் வகுப்புப் பையன்தான் கொடி பிடிப்பான் என்பேன். அவர் முறைப்பார்.

இப்போது சண்டை வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறார், தன் பழைய அலுவலக நடையில், பந்திக்கு இலக்கமிட்டு. அந்தக் கடவையின் மணி கடைசியாகப் பரிசோதிக்கப்பட்ட திகதி எது. பழுது பற்றிய முறைப்பாடுகள் பதியும் புத்தகம் உண்டா. பராமரிப்புக்குக் கடந்த மூன்று வருடங்களில் ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, எந்தத் தலைப்பின் கீழ். காப்பாளர் கொடுப்பனவைப் பற்றியும் ஒரு பந்தி சேருங்கள் என்றேன். அது வேறு திணைக்களம், தனி விண்ணப்பம், ஒன்றோடொன்று கலந்தால் இரண்டையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மறுத்துவிட்டார். பணம் எங்கிருந்து வர வேண்டும் என்பதிலும் உடன்பாடில்லை. எரிபொருள் வரியிலிருந்து லீட்டருக்கு ஒரு சிறு பங்கு என்கிறேன் நான். வாகன வருமான அனுமதிப்பத்திரத்தோடு சேர்த்து வாங்கு, பெற்றோல் வரி என்றால் பஸ்ஸில் போகிற ஏழையும் கட்ட வேண்டி வரும் என்கிறார் அவர். கடவையில் கடக்கிறவர்களில் பாதிப்பேர் வாகனமே இல்லாதவர்கள், அவர்களையும் சேர்த்துத்தானே காப்பாற்றப் போகிறோம் என்று கேட்டதற்கு, பாதியா, எண்ணிப் பார்த்தாயா என்று கேட்டார். எண்ணவில்லை. சனிக்கிழமை கண்ணில் மருந்து விட்ட பிறகு மரைன் டிரைவில் போய் உட்கார்ந்து எண்ணுவோம், கொப்பியும் பேனையும் நீ கொண்டு வா என்றிருக்கிறார்.